ஊசி நகராமல் இருக்க வேண்டிய அரைமணி

ஊசி நகரவில்லை. நகரவில்லை என்றுதான் தவசிக்கனிக்குத் தோன்றியது. ஆனால் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், மெக்கானிக் மைதீன் பாய் அழுத்தக் கடிகாரத்தின் கண்ணாடிமேல் மார்க்கரால் போட்டிருந்த கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றது, வலது கண்ணை மூடினால் கோட்டுக்குள்ளேயே பத்திரமாகப் பதுங்கிக்கொண்டது, இரண்டையும் திறந்தால் ஊசியே இரண்டாகத் தெரிந்தது, ஐம்பத்திரண்டு வயதில் மூக்குக்கண்ணாடிச் செலவும் வந்துவிட்டதோ என்று ஒரு புதுப் பயம் பழைய பயத்தின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மணி ஒன்பதே முக்கால். பாய் சொல்லிவிட்டுத்தான் போனார்: "அண்ணாச்சி, ஏசி பைப்புக்குள்ள இருந்த காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்தாச்சு. உள்ள இப்ப வெறும் சூனியம். ஊசி பூஜ்யத்துக்குக் கீழ முப்பதுல நிக்குதா? அரைமணி நேரம் அப்படியே நின்னா வண்டியில ஓட்டை இல்லைன்னு அர்த்தம். முன்னாடி மாத்துன ரப்பர் வளையத்தோட சனியன் ஒழிஞ்சுது. கேஸைப் போட்டு அனுப்பிருவேன், மொத்தம் ரெண்டாயிரத்து இருநூறு. ஊசி ஏறுச்சுன்னு வையுங்க, வெளிக்காத்து உள்ள நுழையுது. அப்ப டேஷ்போர்டுக்கு உள்ள இருக்குற கூலிங் காயில் போச்சு. டேஷ்போர்டை மொத்தமா இறக்கணும். ஒண்ணரை நாளு, பதினாறாயிரம்." இறக்கணும் என்று சொல்லும்போது பாய் கையால் வேறு காட்டினார், கல்யாணப் பந்தியில் சோற்று அண்டாவை இறக்குகிற மாதிரி. தவசிக்கனியின் சட்டைப்பையில் இருந்தது ஆறாயிரம், அதுவும் மாசக் கடைசியில் இன்சூரன்ஸ் கட்ட வைத்த ஆறாயிரம். பாய் சாயா குடிக்கப் போய்விட்டார். எட்டயபுரம் ரோட்டோரத் தகரக் கொட்டகையில் அவனும், பதினோரு வயசு வெள்ளைக் காரும், காரின் திறந்த வாயிலிருந்து நீலக் குழாயும் சிவப்புக் குழாயுமாக வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கடிகாரமும் மட்டும். கத்திரி வெயில். எதிரே மின்கம்பியில் வந்து உட்கார்ந்த காக்கா ஒன்று ஒரு காலைத் தூக்கியது, மறு காலைத் தூக்கியது, பிறகு கீழே குதித்து ரோட்டைக் கடந்து நடந்தே போனது. தாரும் சுட்டிருக்க வேண்டும், பாதியிலிருந்து ஓடியது.

பதினாறாயிரம். எண்ணத்தை அந்தப் பக்கம் விடக்கூடாது என்று வைராக்கியமாக ஊசியைப் பார்த்தான், ஊசியோ பதினாறு என்று எழுதியிருந்த இடத்தைத்தான் காட்டுகிற மாதிரி இருந்தது, அந்தக் கடிகாரத்தில் பதினாறு என்று ஓர் எண்ணே கிடையாது. இதற்கு முன்னால் இரண்டு தடவை வேறு கடைகளில் கேஸ் அடித்தாயிற்று. அடித்த அன்று ஜில்லென்று வீசும், பத்தாம் நாள் பெருமூச்சு விடும், பன்னிரண்டாம் நாள் காய்ச்சல்காரன் வாயால் ஊதுவது போல் ஊதும். ஓட்டைக் குடத்துக்கு வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த கதை. "கேஸ் அடிச்சவன் ஓட்டையைப் பாக்க மாட்டானா அண்ணாச்சி? பாத்தா நீங்க மறுபடி வரமாட்டிய, அதான்" என்று பாய் சிரித்தார், "இந்த ஊரு உப்புக்காத்துல இரும்புக்கே இருமல் வருது, அலுமினியம் என்ன செய்யும் பாவம்." பாவம் அலுமினியமா, நானா? நானாவது பரவாயில்லை. பாவம் ஞானமுத்து சார். அங்கே போகாதே, ஊசியைப் பார். ஊசி நகரவில்லை. ஞானமுத்து சார் இந்நேரம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பதினொன்றரைக்கு அவர் வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும். பாளையங்கோட்டையில் டயாலிசிஸ், நாலு மணி நேரம் ரத்தத்தைச் சலித்து எடுப்பார்கள், திரும்ப வீட்டில் விடும்போது ஏழாகும். இரண்டு வருஷமாக அந்தச் சவாரிதான் தவசிக்கனி வீட்டில் அடுப்பு. சாரின் மனைவி சுகிர்தம் டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பேரம் பேச மாட்டார், பாக்கி வைக்க மாட்டார், ஒரே ஒரு நிபந்தனை: "ஏசி இல்லாத வண்டி எனக்கு வேண்டாம் தவசி. அவுகளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு மில்லிதான் தண்ணி. வேர்த்தா தாகம் எடுக்கும், எடுத்தா குடுக்க முடியாது. ஏசிதான் அவுகளுக்குத் தண்ணி." புது வண்டி வைத்திருக்கும் ஒரு டிராவல்ஸ்காரன் கொடுத்த கார்டை டீச்சர் பைபிளுக்குள் வைத்திருப்பதை அவன் பார்த்திருக்கிறான். எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

முதல் நாளே வாய் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய்தான், இந்த வாயைத்தான் முதலில் டேஷ்போர்டு மாதிரி கழற்றி இறக்க வேண்டும். "என் ஏசியைப் பத்தியா கேக்கிய டீச்சர்? போன சித்திரையில ஒரு கல்யாண மாப்பிள்ளையை உடன்குடிக்கு ஏத்திட்டுப் போனேன். இறங்கும்போது அவனுக்குப் பல்லு கிட்டிப் போச்சு. தாலி கட்டும்போது கை வெடவெடன்னு நடுங்குது. பாத்த பொண்ணு வீட்டுக்காரங்க, மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை போலன்னு மண்டபத்திலேயே பஞ்சாயத்து வச்சுட்டாங்க." டீச்சர் சிரிக்கவில்லை, சார்தான் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. அப்படிச் சொன்ன ஏசி மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சூடாக ஊதியபோது கையில் காசு இல்லை, சொல்ல வாயும் இல்லை, நேரே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் நாற்பது ரூபாய்க்குப் பொடி ஐஸ் வாங்கினான். ஒரு தெர்மாகோல் பெட்டி. மூடியில் இரண்டு ஓட்டை, ஓர் ஓட்டையில் சின்ன விசிறி, சிகரெட் பற்றவைக்கிற குழியிலிருந்து அதற்குக் கரண்ட். முன் சீட்டுக்கு அடியில் பின்பக்கம் பார்த்துத் தள்ளி வைத்தால் பின்னால் உட்காருகிறவர் காலில் மார்கழி. விஞ்ஞானிகள் தோற்றார்கள் போ! என்று அவனே அவன் தோளைத் தட்டிக்கொண்டான். டேஷ்போர்டில் ஏசி விளக்கு எரியும், காற்று வீசும், குளிர்ச்சி மட்டும் கீழேயிருந்து வரும். முதல் நாள் ஐஸோடு ஒரு நெத்திலியும் ஓசியாக வந்துவிட்டது, வழியிலிருக்கிற புதுக்கோட்டைக் கிராமம் தாண்டியதும் டீச்சர் மூக்கைத் தூக்கினார். "தவசி, காருல மீன் ஏத்துனியா?" "இல்ல டீச்சர், வெயிலுக்குக் கடலே அவிஞ்சு போய் வீசுது." கடல் பின்னால் இருபது கிலோமீட்டரில் கிடந்தது. "கடலுக்கு நம்ம வண்டிமேல என்னடே அவ்வளவு பிரியம்" என்று கேட்டுவிட்டு டீச்சர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். சார் மட்டும் காலை நீட்டிக்கொண்டு, "சுகிர்தம், கால்ல பனி பெய்யுதுட்டி" என்றார். அந்தக் குரல். குழந்தைக்கு முதல்முதலாகக் கடல் காட்டும்போது வருகிற குரல்.

ஊசி? ஊசி நகரவில்லை. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நின்று பார்த்தான். தள்ளி நின்றால் ஏறின மாதிரி இருக்கிறது. சீ, நேராகத்தான் நிற்க வேண்டும், நேராக நின்று பார்க்க வேண்டிய விஷயத்தைச் சாய்ந்து பார்த்ததால் வந்ததுதானே எல்லாம். ரியர்வியூ கண்ணாடியைத்தான் சொல்கிறேன் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான். இரண்டாவது வாரம் புதன்கிழமை. வாகைக்குளம் டோல்கேட் தாண்டினால் டீச்சர் தூங்கிவிடுவார், வாய் லேசாகத் திறந்துகொள்ளும், பள்ளிக்கூடத்தையே அடக்கின வாய். கண்ணாடியில் எதற்கோ பின்னால் பார்த்தவன், சாருடைய வலது கை மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்தான். பாம்பு பொந்துக்குள் போகிற நிதானம். தெர்மாகோல் மூடி கீச்சென்று ஒரு சத்தம், கை நின்றது, டீச்சரின் மூச்சைக் கணக்குப் பார்த்தது, மறுபடி இறங்கியது. மேலே வரும்போது விரல் நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு. வாய்க்குள் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். வல்லநாட்டுப் பாலம் வந்தது, கீழே தாமிரபரணி வெயிலில் பளபளவென்று கிடந்தது, எப்போதும் அந்த இடத்தில் எட்டிப் பார்த்து உதட்டை நனைத்துக்கொள்கிற மனுஷர் அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னம் மட்டும் ஒரு பக்கம் உப்பி மறு பக்கம் போனது. கண்ணைத் திறந்தவர் கண்ணாடியில் தவசிக்கனியின் கண்ணைப் பார்த்தார். எழுபத்துநாலு வயசு. உப்புக் கம்பெனியில் எடை குமாஸ்தாவாக இருபத்தெட்டு வருஷம் ஒரு கிலோ கூடக்குறைய விடாமல் நிறுத்தவர் என்று ஊரில் பேர். அந்த மனுஷர் கண்ணடித்தார். தவசிக்கனி சிரித்தான். அதுதான், அந்தச் சிரிப்புதான். அதை எப்படித் திரும்ப வாங்குவது, எந்தக் கடையில் கொண்டுபோய்க் கழற்றி மாற்றுவது? அன்றைக்கே வண்டியை ஓரங்கட்டி, சார் அது குடிக்கிற ஐஸ் இல்லை, மீனுக்குப் போடுகிற ஐஸ், உங்களுக்குத் தண்ணியே ஆகாது, என்று சொல்லியிருந்தால்? சொன்னால் டீச்சர் விழித்துக்கொள்வார். என்ன ஐஸ் என்பார். ஏசி என்ன ஆச்சு என்பார். பைபிளைத் திறப்பார், வசனத்துக்காக அல்ல. ஆக அவன் சிரித்தான், அடுத்த சவாரிக்கு ஐஸைக் குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை அலசி எடுத்துப் போட்டான். அலசினேனே! அலசினேன் என்பது என்ன, சம்மதம்தானே? சாயங்காலம் திரும்பும்போது ஜூஸ் கடை ஐஸ். அதில் மீன் வாடை இல்லை, ஆனால் சார் காலையில் எடுத்ததைவிடக் குறைவாகத்தான் எடுத்தார். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன், பார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன் எடை பார்ப்பார்கள். ஒரு டயாலிசிஸுக்கும் மறு டயாலிசிஸுக்கும் நடுவில் உடம்பில் ஏறுகிற எடையெல்லாம் தண்ணீர், இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. வாழ்நாளெல்லாம் உப்பை நிறுத்தவரை இப்போது உப்பும் தண்ணியுமாக நிறுக்கிறார்கள். மூன்று வந்தது. மூன்றே கால் வந்தது. நர்சம்மா டீச்சரைப் பார்த்த பார்வையைத் தவசிக்கனி வாசலில் நின்று பார்த்தான், பாடம் படிக்காத பிள்ளையைப் பார்க்கிற பார்வை, அந்தப் பார்வையை நாற்பது வருஷம் மற்றவர்களுக்குக் கொடுத்த டீச்சர் அதை வாங்கத் தெரியாமல் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரசம் ஊத்துறீங்களாம்மா?" "கால் கரண்டிதான் சிஸ்டர்." "அந்தக் கால் கரண்டிதான்." அன்றிலிருந்து ரசம் நின்றது. பிறகு மோர் நின்றது. பிறகு இட்லியே ஈரம் என்று டீச்சருக்குச் சந்தேகம் வந்து அதையும் சுட்டுக் காயவைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். காரில் வரும்போது சொல்லிச் சொல்லி மாய்ந்தார்: "நான் எங்க தப்பு விடுதேன்னு தெரியலை தவசி. அளந்துதான் ஊத்துதேன். பூட்டித்தான் வைக்கேன்." தவசிக்கனி ரோட்டைப் பார்த்தான். ஒரு மாடுகூடக் குறுக்கே வரவில்லை, வந்திருந்தால் ஹாரனாவது அடித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாருக்குப் படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது, நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டதாம். விடிய விடிய உட்காரவைத்து முதுகைத் தாங்கியபடி டீச்சர் விசிறிக்கொண்டிருந்தாராம். திங்கட்கிழமை எடை மூன்றே முக்கால். டாக்டர் டீச்சரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அன்றைக்குக் காலையிலும் பெட்டி முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. அதுதான் ராத்திரியும் பகலும் வந்து நெஞ்சில் உட்காருகிறது. ஞாயிறு நடந்தது தெரியாமல் திங்கள் வைத்தேன். சரி. திரும்பும்போது தெரியுமே? தெரிந்தும் ஜூஸ் கடையில் நின்றேனே? வெறுங்காற்று ஊதினால் டீச்சர் கேட்பாரே என்று நின்றேன். ஏசி சரியாகிவிட்டால் பெட்டி வேண்டாம். பெட்டி இல்லாவிட்டால் ஐஸ் இல்லை. எடை தானாக இறங்கும், ரசம் தானாக வரும், யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் இந்த ஊசி கையில். மாதாவே, அந்தோணியாரே, சுடலைமாடா என்று மதம் பாராமல் கூப்பிட்டான். அப்படியும் டிக்கியில் இன்றைக்கும் ஒரு பெட்டி ஐஸ் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று. எதற்கும் என்றால் எதற்கு?

செல்போன் அடித்ததில் ஊசியே நடுங்கின மாதிரி இருந்தது. ஞானமுத்து சார். அவர் பேசமாட்டாரே, டீச்சர்தானே பேசுவார், ஐயோ என்னமும் ஆகிவிட்டதா? "சார்?" "மெள்ளப் பேசு. பாத்ரூம்ல இருந்து பேசுதேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஏசியை சர்வீஸுக்கு விட்டிருக்கியாமே. பத்து நிமிஷம் லேட்டாகும்னு சொன்னியாம். டீச்சர் சொன்னா." "ஆமா சார். சின்ன வேலைதான்." "என்னத்துக்குடே?" தவசிக்கனி காரின் திறந்த வாயைப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு" என்றார் சார், "எனக்கு எல்லாம் தெரியும். மொத நாளே தெரியும். ஏசிக்காரன் காலுக்கா காத்தை விடுவான்? பாரு, உனக்குச் செலவு மிச்சம். நான் டீச்சர்கிட்ட, வண்டியில குளிரு தாங்கலைன்னு ஒரு சால்வை கேப்பேன். அவ நம்பிருவா. எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு அவளுக்கு ஒரு நெனப்பு." சிரித்தார், சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமலைக் கையால் பொத்தியது கேட்டது. "சார், அது மீனுக்குப் போடுற ஐஸ்." "தெரியும்டே. வாளை மீன் வாடை." "டாக்டர் சொன்னாரே சார், திங்கட்கிழமை..." "இருபத்தெட்டு வருஷம் உப்புக்குள்ள நின்னேன். அப்பெல்லாம் இல்ல, இப்பத்தான் நாக்கு உப்பா இருக்கு. ராத்திரி முழிச்சுக் கெடக்கும்போது என்ன நெனைக்கேன் தெரியுமா? வாகைக்குளம் டோல்கேட்டை நெனைக்கேன். டோல்கேட்டை நெனைச்சு எவனாவது சந்தோஷப்பட்டிருக்கானா?" வெளியே டீச்சரின் குரல் ஏதோ கேட்டது. "வாரேன் வாரேன்" என்று அங்கே பதில் சொல்லிவிட்டு, இங்கே மூச்சுக்குள், "பெட்டியை மட்டும் எடுத்துராத, ராசா" என்றார். தவசிக்கனி, "சரி சார்" என்றான். யார் சொன்னது? வாய் சொன்னது. அது சொல்லிவிட்டு நாம் கேட்பது எப்போதும் உள்ளதுதான்.

பத்தே கால். ஊசியைப் பார்க்கவே பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை, முதலில் கடிகாரத்தின் விளிம்பைப் பார்த்தான், பிறகு எண்களை, பிறகு மார்க்கர் கோட்டை. கோடு தனியாக இருந்தது. ஊசி அதைவிட்டு மேலே போய், பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. இடது கண்ணை மூடிப் பார்த்தான். வலது கண்ணை. எந்தக் கண்ணுக்கும் மனசாட்சி இல்லை. வாயில் வெற்றிலையோடு வந்த பாய் குனிந்து பார்த்தார், துப்பிவிட்டு வந்து மறுபடி பார்த்தார். "ரெண்டு கோடு ஏறிட்டே அண்ணாச்சி." "கண்ணாடியைத் தட்டிப் பாரும் பாய். கடிகாரம் பழசு." "கடிகாரத்துக்கு என் வயசுல பாதிதான். காயில்தான். உள்ள எங்கயோ அரிச்சிருக்கு." "வெயிலுக்குக் காத்து விரியும்லா? அதுல ஏறியிருக்கும்." "உள்ள காத்தே கெடையாதே, எது விரியும்?" இல்லாத காற்று விரியாது. இல்லாத பணமும் விரியாது. டூப்ளிகேட் காயில் போட்டால் பதினோராயிரத்தில் முடிக்கலாம், ஆறை இப்போது கொடுத்தால் மீதியை இரண்டு மாசத்தில் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் நான் ஜவாப்தாரி இல்லை, என்று பாய் சொல்லிக்கொண்டே போனார், அது காதில் விழுந்ததே தவிர உள்ளே நிற்கவில்லை, பதினொன்றோ பதினாறோ, ஒன்றரை நாள் ஒன்றரை நாள்தான், பதினொன்றரை மணி பதினொன்றரை மணிதான். டிக்கியில் பெட்டி இருக்கிறது. ஒரு பைசா செலவில்லை. சால்வை கேட்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். ஒருத்தர் மனசாரக் கேட்டதைக் கொடுப்பது பாவமா? சாகப்போகிறவருக்கு... யார் சொன்னது சாகப்போகிறார் என்று, கடிச்சுப்போடு நாக்கை. இன்று ஒரு நாள் மட்டும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும். எத்தனை ஒரு நாள் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி? விசிறி. டீச்சர் கையில் விசிறி. அந்த விசிறியும் என் பெட்டிக்குள் இருக்கிற விசிறியும் மாறி மாறிச் சுற்றின, ஒன்று ஐஸை ஊதுகிறது, ஒன்று அந்த ஐஸை நெஞ்சிலிருந்து இறக்க ஊதுகிறது, நடுவில் ஒரு மனுஷர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதினொன்றரைக்குக் காத்திருக்கிறார். "கழட்டவா வேண்டாமா அண்ணாச்சி? சொல்லுங்க, அடுத்த வண்டி நிக்கி."

பாயைக் கைகாட்டி நிறுத்திவிட்டு டீச்சர் நம்பரைப் போட்டான், மணி அடிக்கும்போது பேசவேண்டியதை மனசுக்குள் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தான். முதலாவதில் ஐஸ் இருந்தது, சார் இல்லை. இரண்டாவதில் சார் இருந்தார், தான் இல்லை. மூன்றாவதில் எல்லாரும் இருந்தார்கள், ஆனால் தப்பு முழுக்க உப்புக்காற்றின் மேல் இருந்தது. எடுத்த எடுப்பில் டீச்சர், "சொல்லு தவசி" என்றதும் மூன்றும் காக்கா மாதிரி இறங்கி நடந்து போய்விட்டன. "டீச்சர், என் வண்டியில ஏசி மூணு வாரமா இல்ல. சீட்டுக்கு அடியில மீன் ஐஸ் வச்சு ஊத விட்டேன். சார் அதுல இருந்து எடுத்து வாயில போட்டுக்கிட்டாவ. நான் பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்தேன்." சொல்லி முடித்தபின் கொட்டகையின் தகரம் வெயிலில் டக் டக்கென்று விரிகிற சத்தம் மட்டும் கேட்டது. டீச்சர் திட்டவில்லை. திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தான். டீச்சர், டீச்சர் என்று கூப்பிடலாமா? இரண்டு வருஷம். பைபிளுக்குள் கார்டு. பிறகு டீச்சர் குரல் வந்தது, அது தலைமை ஆசிரியை குரல் இல்லை, அவன் இதுவரை கேட்டே இராத, ஒரு சின்னப் பிள்ளை குரல். "அப்ப என் ரசம் இல்லியா, தவசி?" "இல்ல டீச்சர்." "என் ரசம் இல்லியா?" "இல்ல டீச்சர். ரசத்துல ஒண்ணுமில்ல." "பத்து நாளா மனுஷனுக்கு ஒரு கரண்டி ரசம் ஊத்தலியே நான்." போன் கட்டானது. கட்டானது என்றால் என்ன? வா என்றா, வராதே என்றா, இனி எப்போதும் வராதே என்றா? போனைத் திருப்பிப் பார்த்தான், திரையில் வியர்வை, துடைத்தான், துடைத்ததில் யாருக்கோ அழைப்பு போகப் பார்த்தது, பதறிப் போய் நிறுத்தினான்.

"இப்பக் கழட்டாதீரும் பாய். குழாயை எடும். சாயங்காலம் விடுதேன். விடுறதா இருந்தா." பாய் நீலக் குழாயைப் பிடுங்கினார், ஸ்ஸ் என்று ஒரு உறிஞ்சல், ஊசி அத்தனை நேரம் பிடித்துவைத்திருந்த மானத்தை விட்டுவிட்டுப் பூஜ்யத்துக்கே ஏறிவிட்டது. தவசிக்கனி டிக்கியைத் திறந்து பெட்டியைத் தூக்கினான். கால் பெட்டிதான் ஐஸ், மீதி தண்ணீர். ரோட்டோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தான். தார்மேல் விழுந்த தண்ணீர் பரவக்கூட இல்லை, தோசைக்கல்லில் தெளித்த மாதிரிச் சுர்ரென்று சுருங்கியது, துண்டு ஐஸெல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சின்னதாகிக்கொண்டே வந்தன, ஒரு நிமிஷத்தில் ஈரம் இருந்த அடையாளமே இருக்காது. அப்படியாவது போய்த்தொலையட்டும். பெட்டியின் மூலையில் மட்டும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, சுண்டுவிரல் நகம் அளவு. நகத்தால் சுரண்டினான். வந்தது. விரல் நடுவில் வைத்துப் பார்த்தான், காலையில் குடித்த காபிக்குப் பிறகு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது, கை தானாக மேலே போனது, பாம்பு பொந்துக்குள் போகிற அதே நிதானம். வாளை வாடைதான். சந்தேகமே இல்லை. ஆனால் என்ன குளிர்ச்சி! நாக்கில் பட்ட இடத்திலிருந்து அது கன்னத்துக்கு, காதுக்கு, பிடரிக்கு இறங்கியது, கண் தானாக மூடிக்கொண்டது, இரைச்சலெல்லாம் ஒரு கணம் தள்ளிப்போய் நின்றது, ஊசி, பதினாறு, பதினொன்று, இன்சூரன்ஸ், எதுவும் இல்லை, கரைகிற வரைக்கும் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும். போன் அடித்தது. டீச்சர். எடுத்தான். "பதினொன்றரைக்கு வாசல்ல நிக்கணும். நாலு கண்ணாடியும் இறங்கும்லா?" "ம்." "அவுகளுக்கு ஒரு ஈரத்துண்டு நான் கொண்டு வாரேன், கழுத்துல போட. உன் சங்கதியை வரும்போது பேசிக்கிடுவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஏசி சரியாகலன்னா நீ வரவேண்டாம். கேக்குதா?" "ம்." பிறகு டீச்சர், நாற்பது வருஷ டீச்சர், கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற அந்தக் குரலில் கேட்டார்: "தவசி. வாயில என்ன?" துப்ப மனம் வரவில்லை. விழுங்கவும் துணிச்சல் வரவில்லை.